இளைப்பு உள்ள வீட்டில் அடுக்களையைச் சுத்தம் செய்வது எப்படி: தூசியும் நெடியும் எழும்பாத முறை

என் அத்தைக்கு இளைப்பு, அதாவது ஆஸ்துமா. எங்கள் வீடு செங்கோட்டையில். ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் சாரல் காற்று அடுக்களைச் சுவரைக் காயவே விடாது. ஈரம், பூஞ்சணம், எண்ணெய்ப் பிசுக்கு, கரப்பான் எல்லாம் அந்தப் பத்துக்குப் பத்து அறைக்குள்தான். சுத்தம் செய்யக் கடையில் வாங்கும் சாமான்களை நிறுத்திவிட்டு எலுமிச்சை, வினிகர் என்று மாறிய பிறகும் அத்தைக்கு இளைப்பு வந்தது. எதை வைத்துத் துடைக்கிறோம் என்பதைவிட, துடைக்கும்போது எது காற்றில் எழும்புகிறது என்பதுதான் விஷயம் என்று புரிய ஒரு வருஷம் ஆனது. அதன்பின் அக்கம்பக்கத்தில் நான்கைந்து வீடுகளில் கூடவே நின்று செய்து காட்டியிருக்கிறேன். அவர்கள் தடுமாறிய இடங்களில்தான் கீழே அதிகம் எழுதியிருக்கிறேன்.

1. யார் செய்வது, எப்போது செய்வது

இளைப்பு உள்ளவர் செய்யாமல் இருப்பதே நல்லது. வேறு யாராவது செய்யட்டும். அவர் அந்த நேரம் வீட்டின் மறுபக்கத்திலோ வெளித் திண்ணையிலோ இருக்கட்டும். முடிந்து அரை மணி நேரம் கழித்து அடுக்களைக்குள் வந்தால் போதும்.

தனியாக இருப்பவர்களுக்கு இது சாத்தியமில்லை. அப்படியானால் ஒரு நாளைக்கு இருபது நிமிடம், ஒரே ஒரு பகுதி. இன்று அடுப்பு, நாளை ஸிங்க். பொங்கலுக்கு முந்தைய வாரம் மொத்த அடுக்களையையும் ஒரே நாளில் கவிழ்த்துப் போடுவதுதான் நான் பார்த்ததில் பெரிய தவறு. வருஷம் முழுக்கச் சேர்ந்த தூசி ஒரே காலையில் மூச்சுக்குள் போகும்.

டாக்டர் கொடுத்த உடனடி நிவாரண இன்ஹேலர் இடுப்பிலோ பையிலோ இருக்க வேண்டும். பீரோவுக்குள் இருந்தால் பயனில்லை. தினசரி எடுக்கும் மருந்தை "இன்று நன்றாகத்தானே இருக்கிறது" என்று விடக் கூடாது. சளி, காய்ச்சல், முந்தின இரவு இருமல் இருந்தால் அன்றைக்குச் சுத்தம் வேண்டாம்.

ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் மூச்சு முட்டினால், உதடு நீலம் பாய்ந்தால், இன்ஹேலர் இழுத்தும் அடங்காவிட்டால் 108ஐ அழையுங்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாட்டிலும் அந்தப் பக்கம் கேரளத்திலும் ஆம்புலன்ஸுக்கு அதே எண்தான்.

2. முதலில் வெளியே போக வேண்டியவை

புதிதாக எதையும் வாங்கும் முன் இருப்பதைக் கழியுங்கள். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: பழைய ஃபினாயில் மூலையில் மூடி இறுகாமல் நெடியடித்துக்கொண்டே இருக்க, பக்கத்தில் புது இயற்கைப் பாட்டில் வந்து சேரும்.

ஸிங்க் துளையில் போடும் பாச்சை உருண்டை, அலமாரியில் வைக்கும் கற்பூரம், ரூம் ஸ்ப்ரே, கரப்பான் சாக்பீஸ் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பாச்சை உருண்டை அழுக்கை எடுப்பதில்லை. ஆவியாகி, நாற்றத்தின் மேல் இன்னொரு நெடியை ஏற்றுகிறது, அவ்வளவுதான்.

பிளீச்சிங் பவுடரும் கழிப்பறை ஆசிடும் வீட்டில் இருந்தால் வெவ்வேறு இடங்களில் வையுங்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். நான் ஒருமுறை அங்கணத்தில் (பாத்திரம் கழுவும் இடம்) ஆசிட் ஊற்றி, அது முழுதாகப் போகும் முன்பே பிளீச்சிங் தூளைத் தூவினேன். எனக்கே தொண்டை எரிந்து கண்ணில் நீர் வடிந்தது. அத்தை வீட்டில் இல்லாதது என் அதிர்ஷ்டம். பிளீச்சிங்கோடு வினிகரோ எலுமிச்சையோ சேர்ந்தாலும் இதேதான். சமையலறைப் பொருள்தானே என்று இந்த இடத்தில் ஏமாந்துவிடாதீர்கள்.

3. "இயற்கை" என்று நம்பி ஏமாறும் இடங்கள்

இயற்கைப் பொருளும் நெடியடிக்கும், தூசி கிளப்பும். நுரையீரலுக்கு அது எந்தக் கடையில் வாங்கியது என்று தெரியாது.

சீயக்காய்த் தூள், அரப்புத் தூள், பூந்திக்கொட்டைத் தூள்: நல்ல அழுக்குநீக்கிகள்தான். ஆனால் டப்பாவைத் திறந்ததும் ஐந்து தும்மல். தூளாக வாங்காதீர்கள்.

உலர்ந்த சாம்பல்: பாத்திரம் துலக்க அருமை, அள்ளும்போது பறக்கும். விறகடுப்பு உள்ளவர்கள் சாம்பல் நன்றாக ஆறிய பிறகு, தண்ணீர் தெளித்துச் சேறாக்கி அள்ளுங்கள்.

யூகலிப்டஸ், எலுமிச்சைப்புல் தைலங்கள்: சிலருக்கு ஒன்றும் செய்யாது, சிலருக்கு உடனே நெஞ்சு இறுகும். இளைப்பு உள்ள வீட்டில் பரிசோதித்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

வெல்லம், எலுமிச்சைத் தோல், தண்ணீர் ஆகியவற்றை 1:3:10 கணக்கில் மூன்று மாதம் புளிக்கவைக்கும் பயோ என்சைம் இப்போது எல்லா வீட்டிலும் இருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள், இளைப்பு உள்ள வீட்டுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். மூடியைத் திறந்தால் புளித்த நெடி; எங்கள் ஊர் ஈரத்தில் தோல் மிதக்கும் மேற்பரப்பில் பூஞ்சணமும் பிடித்துவிடுகிறது. பூஞ்சணத்தை விரட்ட பூஞ்சணம் படர்ந்த பாட்டிலையா திறப்பது?

4. வேண்டிய சாமான்கள்

பழைய பருத்தி வேட்டி கிழித்த துணிகள் பத்துப் பன்னிரண்டு. இரண்டு வாளி: ஒன்று கரைசலுக்கு, ஒன்று துணி அலச. ரப்பர் கையுறை. தேங்காய் நார் (எல்லையிலுள்ள புளியரையைத் தாண்டினால் அதன் பெயர் சகிரி). பழைய பல் துலக்கும் பிரஷ். சமையல் சோடா, அதாவது ஆப்ப சோடா. சலவை சோடா. வாசனை சேர்க்காத பார் சோப்பு. பூந்திக்கொட்டை முழுதாக. கொஞ்சம் புளி.

மலைக்கு அந்தப் பக்கம் வீடுகளில் காய்ச்சும் தேங்காயெண்ணெய்ச் சோப்பு கிடைத்தால் நல்லது, உப்புத் தண்ணீரிலும் நுரைக்கும். ஊற்றி நான்கு வாரமாவது காய்ந்ததாகப் பார்த்து வாங்குங்கள், இல்லையென்றால் காரம் கையை அரிக்கும்.

ஸ்ப்ரே பாட்டில் இந்தப் பட்டியலில் இல்லை, வேண்டுமென்றேதான் விட்டேன். எதை ஊற்றி அடித்தாலும் அது நுண்துளியாகி மூக்குக்கு வரும். என் மதினி வினிகரைத் தண்ணீரில் கலந்து ஸ்ப்ரேயில் அடித்துவிட்டு, "இயற்கைதானே, பின்னே ஏன் இருமுது?" என்று கேட்டாள். அதே கலவையைத் துணியில் நனைத்துத் துடைத்தபோது இருமல் இல்லை.

நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழகக் குழு 6,000க்கும் மேற்பட்டவர்களை 20 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2018இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. சுத்தம் செய்யும் வேலையை வீட்டிலோ தொழிலாகவோ செய்த பெண்களுக்கு நுரையீரல் திறன் மற்றப் பெண்களைவிட வேகமாகக் குறைந்திருந்தது. பெரும்பாலான வேலைக்கு நல்ல துணியும் தண்ணீருமே போதும் என்பதுதான் அவர்கள் சொன்ன யோசனை.

முகக்கவசம் பற்றி ஒரு வார்த்தை. என்-95 தூசியைத் தடுக்கும், நெடியைத் தடுக்காது. அதைப் போட்டுக்கொண்டு பிளீச்சிங் தொடலாம் என்று நினைக்க வேண்டாம். துப்பட்டாவை மூக்கில் சுற்றுவது எதையும் பெரிதாகத் தடுக்காது.

5. கரைசல் தயாரிப்பது

பூந்திக்கொட்டைத் தண்ணீர்: விதை நீக்கிய 10 அல்லது 12 கொட்டையை ஒரு லிட்டர் தண்ணீரில் சிறு தீயில் 20 நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறியதும் கசக்கி வடிகட்டுங்கள். கொதிக்கும்போது மேலே குனிந்து பார்க்க வேண்டாம். வெளியில் இரண்டு நாள், ஃபிரிட்ஜில் ஒரு வாரம். அதற்கு மேல் கெட்டுவிடும், நாறினால் கொட்டிவிடுங்கள். தினசரி மேடை துடைக்க இது போதும்.

சலவை சோடாத் தண்ணீர்: ஒரு லிட்டர் வெந்நீருக்கு ஒரு மேசைக்கரண்டி. முதலில் வாளியில் தண்ணீர், அப்புறம் கரண்டியைத் தண்ணீர் மட்டத்துக்கு அருகில் கொண்டுபோய் மெதுவாகச் சரியுங்கள். தூளைப் போட்டுவிட்டு மேலே தண்ணீர் ஊற்றினால் தூள் முகத்துக்கு எழும்பும். கையுறை கட்டாயம். பிசுக்குக்கு இதுதான் ராஜா. ஆனால் அலுமினியப் பாத்திரத்தில் படக் கூடாது, கறுத்துவிடும்.

சமையல் சோடாக் குழம்பு: மூன்று பங்கு சோடா, ஒரு பங்கு தண்ணீர். தேய்க்க மட்டும்.

சமையல் சோடாவையும் வினிகரையும் கலந்து நுரை பொங்கவிட்டால் சக்தி இரட்டிப்பாகும் என்ற நம்பிக்கையை எத்தனை சொல்லியும் மாற்ற முடியவில்லை. ஒன்று காரம், இன்னொன்று அமிலம். சேர்ந்தால் ஒன்றையொன்று அடக்கிவிடும். பொங்குவது கரியமில வாயு. மிஞ்சுவது ஏறக்குறைய உப்புத் தண்ணீர். தனித்தனியாகப் பயன்படுத்துங்கள்.

இன்னொன்று: மேடையோ அலமாரித் தட்டோ கடப்பாக் கல்லாக இருந்தால் எலுமிச்சை, வினிகர், புளி எதுவும் படக் கூடாது. அது சுண்ணாம்புக் கல் வகை, அமிலம் அரித்து வெளுத்த தடம் விழும்.

எந்தக் கரைசலானாலும் முதல் நாள் ஒரு முழ இடத்தை மட்டும் துடைத்துவிட்டு மறுநாள் வரை பொறுங்கள். இளைப்பு உடனேதான் வரும் என்றில்லை. சிலருக்கு நான்கு முதல் எட்டு மணி நேரம் கழித்து இறுகும். காலையில் துடைத்தது ராத்திரி இருமலாக வரும்போது, பழி சாப்பிட்ட தயிர்மேல் விழும். துடைத்த நாளையும் இருமிய நாளையும் தினசரி காலண்டர் தாளில் குறித்து வையுங்கள். ஒரு மாதத்தில் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்துவிடும்.

6. காற்றுக்கு வழி

தொடங்கும் முன் கால் மணி நேரம் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட வேண்டும். முடிந்த பிறகும் ஓடட்டும். காற்று வெளியேற வேண்டுமானால் எதிர்ப்பக்கம் உள்ளே வரவும் ஒரு வழி வேண்டும். எல்லா ஜன்னலையும் சாத்திவிட்டு ஃபேனை ஓட்டுவதில் பயன் குறைவு.

சாரல் நாளில் மேற்கு ஜன்னலைத் திறந்தால் காற்றோடு ஈரமும் உள்ளே வந்து சுவரில் ஏறும். அந்த மாதங்களில் மேற்கைச் சாத்தி, கிழக்கு அல்லது தெற்கு ஜன்னலைத் திறங்கள். சீலிங் ஃபேன் வேண்டாம், தூசியைச் சுற்றிவிடும்.

மிளகாய் வறுத்த, தாளித்த கையோடு சுத்தத்தில் இறங்காதீர்கள். ஏற்கெனவே காறிய தொண்டை சின்ன நெடியையும் தாங்காது. ஒரு மணி நேரம் போகட்டும்.

7. மேலிருந்து கீழே, எப்போதும் ஈரத்துணியால்

வரிசை மாறினால் வேலை இரண்டு மடங்கு. முதலில் தரையைப் பெருக்கி, அப்புறம் ஒட்டடை அடிப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒட்டடைக் கம்பின் நுனியில் நனைத்துப் பிழிந்த துணியைக் கட்டி, தட்டாமல் ஒற்றி இழுங்கள். சொட்டச் சொட்ட நனைக்கக் கூடாது, அந்தத் தண்ணீர் சுவரில் இறங்கி அடுத்த வாரம் பூஞ்சணமாக எழும்பும். பிறகு பரண் விளிம்பு, எக்ஸாஸ்ட் ஃபேன் இறக்கை (மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு), அலமாரி மேல்தட்டு, டப்பாக்கள், மேடை. கடைசியில் தரை.

பரணில் இருக்கும் அட்டைப் பெட்டிகளும் பழைய செய்தித்தாள்களும் தூசிக்கும் கரப்பானுக்கும் குடியிருப்பு. அவற்றைத் துடைக்க முயல வேண்டாம், கீழே இறக்கி வெளியே அனுப்புங்கள். டப்பாக்களுக்கு அடியில் செய்தித்தாள் விரிக்கும் பழக்கத்தையும் விடுங்கள். வெறும் தட்டு ஒரு இழுப்பில் துடைபடும்.

8. அடுப்பும் பிசுக்கும்

பிசுக்கு வெறும் எண்ணெய் மட்டுமல்ல. தூசியைப் பிடித்து வைக்கும் பசை அது, கரப்பானுக்குச் சாப்பாடும்கூட.

சலவை சோடாத் தண்ணீரில் நனைத்த துணியை டைல்ஸ்மேல் ஒட்டவைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். ஊறிய பிறகு துடைத்தால் தேய்க்கவே வேண்டாம். தேய்க்கத் தேய்க்க மூச்சு வாங்கும். இளைப்பு உள்ளவருக்கு அந்த உழைப்பே தூண்டுதல். அதனால் ஊறவைக்கும் நேரத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். சிம்னி வலையையும் வாளியில் அதே வெந்நீரில் அரை மணி நேரம் போடலாம், வலை அலுமினியமாக இருந்தால் சோப்புத் தண்ணீர் மட்டும்.

பித்தளை பர்னரைப் புளித்தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து பிரஷால் தேய்த்து, துளைகளை ஊசியால் குத்தி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். சுடர் நீலமாக இருக்க வேண்டும். மஞ்சளாக எரிந்து பாத்திர அடியில் கரி பிடித்தால் துளை அடைத்திருக்கிறது என்று அர்த்தம், அந்தப் புகையும் மூச்சுக்குத்தான் போகிறது.

ஃபிரிட்ஜுக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு கரண்டி சமையல் சோடா போதும். கதவு ரப்பரின் மடிப்பை மறக்காதீர்கள், கறுப்புப் பூஞ்சணம் அங்கேதான் முதலில் வரும்.

9. பூஞ்சணம்

எங்கள் பக்கத்து அடுக்களைகளில் இளைப்புக்குப் பெரிய காரணம் இதுதான். ஸிங்குக்கு அடியில், கேஸ் சிலிண்டருக்குப் பின்னால், மேற்குச் சுவரில் கறுப்புப் புள்ளியாகத் தொடங்கும்.

இதை இளைப்பு உள்ளவர் தொடவே கூடாது. துடைப்பவர் என்-95 போட வேண்டும். மூன்றடிக்கு மூன்றடி இடத்துக்கு மேல் பரவியிருந்தால் வீட்டுத் துணியால் ஆகாது, ஆள் வைத்துச் சுவரையே சரிசெய்ய வேண்டும்.

உலர்ந்த வாரியலாலோ (துடைப்பம்) பிரஷாலோ சுரண்டாதீர்கள், அதன் நுண்தூள் அறை முழுக்கப் பறக்கும். முதலில் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியை அதன்மேல் ஒற்றி ஈரமாக்குங்கள். பிறகு அதே சோப்புத் தண்ணீரால் தேய்த்து எடுங்கள். அந்தத் துணியை அலசிப் பாதுகாக்க வேண்டாம், பையில் கட்டி வெளியே போடுங்கள். வேறு துணியால் நல்ல தண்ணீர் விட்டுத் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி, ஃபேன் வைத்துக் காயவிடுங்கள். இங்கே மட்டும் டேபிள் ஃபேன் பரவாயில்லை, அழுக்கு எடுத்த பிறகு என்பதால்.

பூஞ்சணத்தைக் கொன்றால் போதாது, அகற்ற வேண்டும். செத்த பூஞ்சணமும் ஒவ்வாமையைக் கிளப்பும். அதனால்தான் வினிகரைத் தடவிவிட்டு விட்டுவிடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அதன்மேல் பெயின்ட் அடிப்பது இன்னும் மோசம், இரண்டாம் சாரலுக்குள் பெயின்ட் உப்பிக்கொண்டு வரும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தேடாவிட்டால் இவ்வளவும் வீண். ஸிங்க் குழாய் இணைப்பை விரலால் தடவிப் பாருங்கள். வெளிச்சுவரில் விரிசல், ஓட்டில் இடுக்கு, ஜன்னல் விளிம்பு. நனைந்த இடத்தை ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாளுக்குள் காயவைத்தால் பூஞ்சணம் பிடிக்காது. அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளிப் போடுங்கள். எங்கள் வீட்டில் எல்லாவற்றையும்விட அதிகப் பலன் தந்தது இந்த நான்கு விரல்தான்.

10. அங்கணமும் ஸிங்கும்

ராத்திரி ஸிங்கில் எச்சில் பாத்திரம் கிடக்கக் கூடாது. துளையில் சிக்கிய சோற்றுப் பருக்கையை எடுத்துவிட்டு, வாரத்துக்கு இரண்டு முறை சலவை சோடாத் தண்ணீரைச் சூடாக ஊற்றுங்கள். கொதிக்கக் கொதிக்க வேண்டாம், பிளாஸ்டிக் குழாய் இளகும். குழாயில் படிந்த உப்புக் கறைக்கு வினிகர் நனைத்த துணியைக் கால் மணி நேரம் சுற்றி வைத்து, கழற்றிக் கழுவுங்கள். நெடி பிடிக்காதவர்கள் புளியை வைத்துச் செய்யலாம், நேரம் கூட ஆகும்.

11. கரப்பான்

கரப்பானின் எச்சம், எச்சில், உதிர்ந்த தோல் எல்லாமே இளைப்பைத் தூண்டும். மருந்தடித்தால் அந்த ஸ்ப்ரேயும் தூண்டும். அதனால் சாப்பாட்டையும் தண்ணீரையும் நிறுத்துவதுதான் முதல் வழி: மூடிய குப்பைத் தொட்டி, இரவில் உலர்ந்த ஸிங்க், சிமென்ட்டால் அடைத்த சுவர் இடுக்கு.

அதற்கும் அடங்காவிட்டால் போரிக் பவுடரையும் சர்க்கரையையும் கோதுமை மாவோடு தண்ணீர் விட்டுப் பிசைந்து, சின்ன உருண்டையாக இடுக்குகளில் வைக்கலாம். தூளாகத் தூவ வேண்டாம். இது வயிற்றுக்குள் போனால் விஷம். தவழும் குழந்தையோ பூனையோ இருக்கும் வீட்டில் வைக்கவே கூடாது. செத்த கரப்பானை வாரியலால் பெருக்காமல் ஈரக் காகிதத்தால் எடுங்கள். டப்பாவுக்குப் பின்னால் மிளகுத்தூள் போலக் கிடக்கும் எச்சத்தையும் சோப்புத் தண்ணீர்த் துணியால் துடைத்தெடுங்கள்.

12. தரை, பிறகு துணிகள்

பூந்துடைப்பத்தால் வீசிப் பெருக்காதீர்கள். வாரியலை லேசாக நனைத்து, தரையோடு ஒட்டி இழுங்கள். பிறகு வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரால் துடைத்து, இன்னொரு முறை வெறும் தண்ணீரால். ஃபினாயில் வாசனை வந்தால்தான் சுத்தம் என்று நினைக்கும் வீட்டுப் பெரியவர்களைச் சமாதானப்படுத்துவதுதான் இந்தப் படியில் கஷ்டமான வேலை. எங்கள் வீட்டில் அந்தப் பெரியவரே இளைப்புக்காரர் என்பதால் எனக்குக் கொஞ்சம் சுலபமாகப் போயிற்று.

துடைத்த துணிகளை ஈரத்தோடு ஸிங்க் குழாயில் சுருட்டி வைத்தால் நாளைக்குப் பூஞ்சணத்தையே பூசுவீர்கள். கொதிநீரில் பத்து நிமிடம் போட்டு, அலசி, வெயிலில் விரியுங்கள். தேங்காய் நாரையும் அப்படியே, மாதம் ஒன்று மாற்றலாம். வெயிலே தலைகாட்டாத ஆடி நாட்களில் நான் துணிகளைக் கொடியில் ஒன்றின்மேல் ஒன்று படாமல், கிழக்குத் தாழ்வாரத்தில் போடுகிறேன். இரண்டு நாளாகியும் காயாத துணியை மறுபடி அடுக்களைக்குள் கொண்டுவருவதில்லை.